பாட்டு போடாத கேசட்

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. குளிக்கிற சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் மீடியா சென்டர் என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. வீட்டில் உள்ள வீடியோக்களை அதில் ஏற்றிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்து, கீழே பெயர் எழுதி, கடையில் சாமான் அடுக்கியது போல டிவியில் வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தொட்டால் ஓடும். பெட்டியை வாங்கிவந்தவள் என் அண்ணனின் மகள், எனக்கு மருமகள் முறை. அதை நிரப்பும் வேலையை என் தலையில் கட்டியதும் அவள்தான்.

அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. விசா வந்ததும் அவளும் போய்விடுவாள். போவதற்கு முன் பழைய கேசட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றி, ஒன்று இங்கே டிவியில் இருக்க, இன்னொரு பிரதியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"எல்லாமே வேணுமா?" என்று கேட்டேன்.

"எல்லாமே வேணும் அத்தை. ஆனா எனக்கு முக்கியமா வேண்டியது ஒண்ணுதான். அம்மா பேசுறது எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க. அவங்க குரல் எப்படின்னே எனக்குத் தெரியாது."

அண்ணி இறந்தபோது இவளுக்கு மூன்று வயது. அதன் பிறகு இவளை வளர்த்தது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் மறுபடி செய்துகொள்ளவில்லை. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் மேட்டில் இருக்கும் இந்த வீட்டில் மூன்று பேருமாக இருந்தோம். அண்ணியின் படம் சுவரில் இருக்கிறது. அம்மா எப்படிப் பேசுவாங்க என்று சின்ன வயதில் இவள் கேட்டால் அண்ணன், "நல்லாப் பேசுவாங்க" என்று மட்டும் சொல்வார். நான் அதுகூடச் சொன்னதில்லை. ஒருவருடைய பேச்சை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி யாழ்ப்பாணத்துக்காரி. அவருடைய தகப்பன் கண்டியில் ஒரு கந்தோரில் வேலையாக இருந்த காலத்தில் அண்ணன் அவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு தாயும் தகப்பனும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அதன் பின் யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டப்பட்டுவிட்டது. போக்குவரத்து இல்லை.

கேசட்டுகள் அலுமாரியின் அடித்தட்டில் பழைய சேலைகளுக்குப் பின்னால் இருந்தன. அண்ணன் கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் வைத்தது, தெல்தோட்டையில் சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு, கோயில் திருவிழாக்கள். பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தன. கண்டிக் குளிருக்குத் துணியிலேயே பிடிக்கும், கேசட்டில் பிடிக்காதா. ஒரு பையில் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். நான் மார்க்கெட் பக்கத்தில் பாடசாலைக் கொப்பி, பேனை விற்கும் கடையில் நிற்கிறேன். நானாவின் கடை அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர் மடவளை முஸ்லிம், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முன்பு கல்யாண வீடுகளுக்குக் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு வீடியோ எல்லாம் அவர் எடுத்தது. இப்போது பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறார்.

பையைத் திறந்து மணந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தீங்க? அலுமாரிக்குள்ளயா, கிணத்துக்குள்ளயா?"

"அலுமாரிதான் நானா."

"சரி, வச்சிட்டுப் போங்க. எடுக்க ஏலுமானத எடுத்துத் தாறேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன பென் டிரைவில் போட்டுத் தருவார். நான் வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் ஏற்றி, முதலில் ஒருதரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் பாட்டு. கல்யாணத்தில் அண்ணி வாயைத் திறக்கிறார், சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார். கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டு. பெயர் வைத்த அன்று தொட்டிலுக்கு மேல் குனிந்து நீளமாக என்னவோ பேசுகிறார். அதற்கும் பாட்டு. இடையிடையே படம் இதய வடிவத்தில் சுருங்கி, ஒரு ரோசாப் பூவுக்குள் போய்விடுகிறது.

அடுத்த முறை போனபோது சொன்னேன்.

"நானா, எல்லாத்துலயும் பாட்டுத்தான் இருக்கு. பேச்சு ஒண்ணும் கேக்கல்ல."

"எப்படிக் கேக்கும்? நான்தானே அழிச்ச. பேச்சு வேணாம், நல்ல பாட்டாப் போடுங்க எண்டு நீங்கதானே சொன்ன? ஒங்கட அண்ணன் அரை நாள் இந்த ஸ்டூல்ல உக்காந்து பாட்டுத் தெரிஞ்சாரு."

"ஒண்ணுலயாவது..."

"கல்யாண வீட்டுல என்னா பேச்சு நடக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும். சோறு வேகல்ல, நகை அவ்வளவுதானா, மாப்புள தலைக்கு மை பூசியிருக்காரு. அதயெல்லாம் கேசட்டுல விட்டா ரெண்டு குடும்பமும் வெட்டிக்கிடும். அதுக்குத்தான் பாட்டு."

அவர் சொன்னது சரி. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். வீடியோ எடுத்து முடிந்ததும் வீட்டுக்காரர் போய் எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று தெரிந்தெடுத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் நானா வெட்டி ஒட்டி கேசட் தருவார். நல்ல பாட்டாக வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னால் பெருமை. கேசட் வீடு வீடாகப் போகும். எவர் என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதற்கிடையில் மென்பொருளோடு என் வேலை நடந்தது. மருமகள் வங்கிக்கு வேலைக்குப் போகுமுன் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒவ்வொரு வீடியோவையும் தனி ஃபோல்டரில் போட வேண்டும். ஃபோல்டருக்குப் பெயரும் வருசமும் எழுத வேண்டும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் கடையில் கொப்பிகளை அளவு பார்த்து அடுக்குகிறவள், இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. வருசம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டில் யாருக்கும் வருசம் தெரியாது. பாலத்தை வெள்ளம் தொட்டுப்போன ஆவணி, கடைசி மாமா கடையை மாற்றிய வருசம் என்றுதான் நினைவு. அண்ணனிடம் கேட்டு உத்தேசமாக எழுதினேன்.

முதலில் சிலவற்றை ஏற்றிவிட்டு டிவியில் பார்த்தால், 'அண்ணன் கல்யாணம்' என்று நான் எழுதிய இடத்தில் ஒரு பெரிய மீசைக்காரன் கையில் அரிவாளோடு நிற்கிறான். கதைச் சுருக்கமும் இருந்தது. தங்கைக்காகப் பழி வாங்குகிற கதை. தெல்தோட்டைச் சடங்குக்கு வெள்ளைக்காரப் பேய் ஒன்று வந்திருந்தது. அண்ணன் கதிரையில் இருந்தபடி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு, நான்தானா? பரவாயில்லையே."

"சிரிக்காதீங்க. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"பொண்ணு யாருன்னு பாரு. ஒங்க அண்ணிய விட உயரம்."

மருமகள் வந்துதான் சரிசெய்தாள். நான் எல்லாவற்றையும் 'திரைப்படம்' என்ற பகுதியில் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் மென்பொருள் இணையத்தில் தேடி, கிட்டத்தட்ட அதே பெயருள்ள சினிமாவின் படத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடுமாம். 'வீட்டு வீடியோ' என்று வேறு பகுதி இருந்தது. அதற்கு மாற்றியதும் மீசைக்காரன் போய்விட்டான். வீடியோவிலிருந்தே ஒரு படத்தை எடுத்து முகப்பாக வைக்கலாம் என்றும் காட்டினாள். அதைச் செய்வது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த தவறு கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு மாலை அவள் வேலையால் வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் டிவி முன்னால் நின்றாள்.

"அத்தை, 'அம்மா, கோயில்'னு ஒண்ணு போட்டிருக்கீங்க! சொல்லவே இல்ல?"

அழுத்திவிட்டாள். திரையில் என் அம்மா வந்தார். வெள்ளைச் சேலையோடு கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இது... ஒங்க அம்மா."

"ஆமா."

"எங்க அம்மா எங்க இருக்காங்க?"

"'அண்ணி'ன்னு போட்ட ஃபோல்டர்ல."

அவள் சிரித்தாள், ஆனால் உடனே சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் எனக்கு என்ன முறையோ அதையே பெயராக எழுதியிருந்தேன். அண்ணி, சின்னம்மா, மாமா, மதினி. கட்டாரில் இருந்துகொண்டு இவள் தேடினால் இவளுடைய ஆட்கள் ஒருவரும் அகப்படமாட்டார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி, ஆட்களின் சொந்தப் பெயர்களை எழுதினேன். சிலருடைய சொந்தப் பெயரை அண்ணனிடம் கேட்க வேண்டியிருந்தது. எத்தனையோ வருசம் ஒரே வீட்டில் சாப்பிட்ட ஆட்கள்.

கடைசியாக நானா தந்தது, பூஞ்சணம் அதிகம் பிடித்திருந்த ஒரு கேசட். அதைத் துடைத்து எடுக்க நாட்கள் போயின. மேலே அவருடைய கையெழுத்தில் 'பாட்டு போடல்ல' என்று ஒட்டியிருந்தது.

"இத ஞாபகமிருக்கா? புள்ளட பேர்த்டே. நீங்க யாரும் பாட்டுத் தெரிய வரல்ல. பொறகு நான் அப்படியே குடுத்தனுப்பின."

எனக்கு நினைவு வந்தது. பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாள். அது முடிந்து அண்ணன் பாட்டுத் தெரியப் போவதற்குள் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தும் சரிவரவில்லை. அதற்குப் பிறகு கேசட்டைப் பற்றி யார் நினைத்தது.

அடுத்த நாள் எனக்கு லீவு. மருமகள் வங்கிக்குப் போன பிறகு மடிக்கணினியில் போட்டேன். சத்தம் இருந்தது. ஆனால் வெறும் இரைச்சல். பிள்ளைகள் கத்துகிறார்கள், பாத்திரம் விழுகிறது, ரோட்டில் பஸ் ஹோர்ன். அண்ணி கமராவுக்கு முன்னால் நிற்கும் நேரம் மிகக் குறைவு. பெரும்பாலும் குசினியில், அடுப்படியில். நீண்ட நேரம் கழித்து, கமரா கதவடியில் அண்ணியின் கையில் இருந்த பிள்ளையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலிருந்து அவருடைய குரல் வந்தது.

"மச்சாள், இவளை ஒருக்கா பிடியுங்கோ. எனக்குக் கை விட்டுப்போச்சு."

மச்சாள் என்பது நான். என்னை அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான். படத்துக்குள் என் கை மட்டும் வந்து பிள்ளையை வாங்குகிறது.

"உங்கட ஊர்க் குளிரும் நீங்களும். அம்மாவைப் பாத்து எத்தினை வருசம். இவளை உங்களிட்டை விட்டிட்டு நான் வீட்டை போறன்."

பெண்கள் சிரிக்கிறார்கள். "அப்ப சோறு யாரு ஆக்குறது?" என்று ஒருத்தி கேட்கிறாள். அப்போது அண்ணனின் குரல்.

"போயேன். யாரு ஒன் கையப் புடிச்சு வச்சிருக்கா? போறதுன்னா அங்கயே இருந்துக்க. திரும்பி வராத."

சிரிப்பு நிற்கிறது. கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும். பிறகு அண்ணி, "ஓம். இருக்கிறன்" என்கிறார்.

"நிப்பாட்டு," என்று பின்னால் சத்தம் கேட்டது. அண்ணன் கடைக்குப் போய்விட்டு வந்து, குடையைக்கூட மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். அவர் குடையை மடக்கிக் கதவில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார்.

"புள்ள போற நேரத்துல இது எதுக்கு?"

"அவ கேட்டது அண்ணி பேசுறது. வேற எதுலயும் பேச்சு இல்ல."

"அந்த இடத்த மட்டும் வெட்டச் சொல்லு. நானா வெட்டித் தருவாரு."

அவர் உள்ளே போய்விட்டார். நான் மறுபடி கேட்டேன், இந்த முறை இயர்போன் போட்டுக்கொண்டு. அந்த இடத்துக்குப் பிறகு அண்ணி பிள்ளைக்குக் கிட்ட வருகிறார். சேலையின் ஓரம் மட்டும் தெரிகிறது. மெல்லிய குரலில்தான் பேசுகிறார். இயர்போன் இல்லாமல் கேட்காது.

"நீ என்னோட வாறியே, குஞ்சு?"

"ஓம். வாறன்," என்கிறது பிள்ளை.

இவள் அந்த வயதில் தாயைப் போல அப்படித்தான் பேசினாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அண்ணன் சொன்னாரே என்று நானாவிடம் போனேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "வெட்டினா படம் குதிக்கும். நான் ஒரு வேல செய்யட்டா? அந்த இடத்துல மட்டும் ஒரு பாட்டுத் துண்டு போட்டுத் தாறேன். ஒருத்தருக்கும் வெளங்காது," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என்ன பாட்டு என்றும் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. கடையில் முதலாளியிடமும் பேசமாட்டேன், வீட்டில் அண்ணனிடமும் பேசமாட்டேன். செய்ய விருப்பமில்லாததைச் செய்யாமல் விட்டுவிடுவேன், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். அந்தக் கேசட்டில் அண்ணி பேசுவதே கொஞ்சம். அந்த இடத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது "கேக்கை இஞ்சாலை வையுங்கோ" என்பதும் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதும்தான். அந்தக் குரலை ஒரு வாழ்நாளுக்கு அவள் கொண்டுபோகப் போகிறாள். அதோடு, வெட்டினாலும் பாட்டுப் போட்டாலும் 'வாறியே' என்று கேட்டதும் சேர்ந்தே போகும்.

அன்று பின்னேரம் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, "வெட்டல்ல," என்றேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னேன், 'வாறியே' என்று கேட்டதையும் பிள்ளை சொன்ன பதிலையும். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார். 

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போட்டோம். மருமகள் தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார், எழுந்து போக வசதியாக. நான் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். குசினியிலிருந்தே எல்லாம் கேட்டது. முதலில் பிள்ளைகளின் கத்தல், பிறகு பாத்திரம், பிறகு மச்சாள். அண்ணனின் குரலும் கேட்டது. அது முடிந்ததும் படம் நின்றது. பின்னுக்குப் போய் மறுபடி தொடங்கியது. மறுபடியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"அத்தை, இந்தச் சின்னக் குரல் என்னோடதா?"

"ஒன்னோடதுதான்."

"'ஓம், வாறன்'னு சொல்றேன்." அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இரண்டாம் முறையும் எங்கள் பேச்சாகத்தான் வந்தது. "எப்ப விட்டேன் இப்படிப் பேசுறத?"

"அதுக்குப் பிறகு கொஞ்ச நாள்ல," என்றேன். என்னோடு இருந்ததால் என் பேச்சு வந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும்.

அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. வங்கியில் ஆட்களிடம் விபரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்புறம் அம்மா போனாங்களா?"

"எங்க போறது. பாதை பூட்டிக் கிடந்திச்சு. திருகோணமலைக்குப் போயி அங்கேர்ந்து கப்பல்லதான் போகணும்."

"அதனால விட்டுட்டாங்களா?"

அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் விசாரிச்சேன். கப்பல் எப்ப, யாருகிட்ட பதியணும்னு. கந்தோர்ல லீவும் கேட்டேன். மூணு பேரும் போறதுக்குத்தான். அதுக்குள்ள காய்ச்சல் வந்திருச்சு."

நான் அந்தக் காலத்தில் இதே வீட்டில்தான் இருந்தேன். கப்பலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. லீவு கேட்டதும் தெரியாது. கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் வீட்டில் சொல்கிற ஆள் இல்லை அவர். இப்போது மகள் கேட்டதற்காக உண்டாக்கிச் சொல்லியிருக்கவும் கூடும். இந்தக் கேசட்டில் அது இல்லை, வேறு எதிலும் இல்லை. நான் அவரிடம் கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களா, விசாரிச்சத?"



"இல்ல. டிக்கட் கையில கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

மருமகள் திரைப் பக்கம் திரும்பினாள்.  பிறகு, "மீதியப் பாப்போம்," என்று ரிமோட்டை அழுத்தினாள். திரையில் பிள்ளை என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடியது. குசினிப் பக்கமிருந்து அண்ணி, "சாப்பிட வாங்கோ, ஆறப்போகுது," என்று எல்லாரையும் பொதுவாகக் கூப்பிட்டார். அண்ணன் கதவடியில் கிடந்த கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் சத்தம் கேட்கிறதா என்று மகளிடம் கேட்டார்.